மகள் ஊர்த் தண்ணீர்

பெண்ணைக் கொடுத்தவன் எங்கள் ஊர் ரத்தன்கேடாவில் கட்டிலின் கால்மாட்டில்தான் உட்கார வேண்டும். தலைமாட்டில் பையனைப் பெற்றவன் சாய்ந்துகொண்டு ஹூக்கா இழுப்பான். கால்மாட்டில் கயிறு இழுத்துக் கட்டிய இடைவெளிகள் இருக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே தொடையை அறுக்கும். மகளைப் பார்க்க வரும் எந்த அப்பனும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. என் அப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

நானும் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள்தான். மாவுமில்லுக்காரி என்றால் தெரியாதவர்கள் கிடையாது. தானியச் சந்தைக்குப் போகிற தெருவில் எங்கள் மில். மில்லுக்கும் ஜில்லே சிங் வீட்டுக் களத்துக்கும் நடுவில் இடுப்புயரத்தில் ஒரு சுவர், அவ்வளவுதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அடித்தாலும் கேட்கும்.

ஜில்லே சிங்கின் மருமகள் ஓம்வதி. போன வருஷம் கடுகு அறுப்பின்போது நிறைமாதமாக இருந்தவளைக் கட்டுச் சுமக்க வைத்தார்கள். குழந்தை வயிற்றிலேயே போயிற்று. மருத்துவச்சி வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே, "அடுத்த தடவையும் இப்பிடி வேல வாங்கினீங்கன்னா கொழந்த மட்டும் போகாது, பாத்துக்கங்க" என்று ஜில்லே சிங்கின் பெண்டாட்டி பர்சந்தியிடம் சொன்னாள். பர்சந்தி அவளுக்குத் பாதித் தேங்காய் அளவு வெல்லக்கட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். இந்த வருஷம் கோதுமை அறுப்புக்கு ஓம்வதிக்கு மறுபடி ஏழாம் மாதம். வளையல்காரன் ஊர் ஊராகப் போகிறவன். அவனிடம் சொல்லி அவள் அப்பனுக்குச் சேதி அனுப்பியது நான்தான். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அவள் அப்பன் சூரஜ்பான் வந்த அன்று காலையிலேயே அனல்காற்று கிளம்பிவிட்டது. மேற்கிலிருந்து வருகிற காற்று. வைகாசியில் அது அடித்தால் நாய்கூடச் சாக்கடையை விட்டு வெளியே வராது. கங்கைக் கரை ஊர்க்காரர் அவர். ரெண்டு பஸ் மாறி, சந்தை முனையில் இறங்கி நடந்து வந்திருந்தார். ஒரு கையில் நெய் டின், தோளில் துணிப்பை, இன்னொரு கையில் ஈரச்சாக்கு சுற்றிய பிளாஸ்டிக் கேன். கேனில் அவர் ஊர்த் தண்ணீர். எல்லா அப்பன்களும் இப்படித்தான் வருவார்கள். மகள் வாழ்கிற ஊரில் ஒரு வாய் சோறோ ஒரு சொட்டுத் தண்ணீரோ தொடமாட்டார்கள். தொட்டால் மகளுக்கு விலை வாங்கியதாக ஆகிவிடும்.

களத்தில் வேப்பமரத்தடியில் கட்டில். ஜில்லே சிங் தலைமாட்டில் இருந்தார். அவர் பக்கத்தில் ஹூக்காவுக்காகவே வருகிற தெரு ஆட்கள் நாலைந்து பேர். சூரஜ்பான் நெய் டின்னைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"ராம் ராம், சம்பந்தி."

"ராம் ராம். வாங்க, உக்காருங்க. என்ன சம்பந்தி, இந்த வெயில்ல? ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே பொண்ணக் கொண்டாந்து விட்டிருக்க மாட்டமா?"

"அது ஒங்க பெரிய மனசு. அவங்கம்மாதான் ஒரே பிடியா நிக்கிறா. பேறுகாலம் முடியற வரைக்கும் நம்மகூட இருக்கட்டும்னு. ஒங்க உத்தரவு கெடச்சா மத்தியான பஸ்ஸுக்கே கூட்டிட்டுக் கெளம்பிருவேன்."

"ஆகட்டும், ஆகட்டும். இந்தக் குவியல் உள்ள போயிரட்டும். அப்புறம் பேசுவம்."

குவியல் என்றது வைக்கோல்பொடியை. எங்கள் பக்கம் கதிரடிக்கிற இயந்திரம் வைக்கோலையும் பொடிப்பொடியாக அரைத்துத் துப்பிவிடும். வருஷம் முழுக்க எருமைகளுக்கு அதுதான் தீனி. மழைக்கு முன்னால் அதைப் போங்காவில் அடைத்தாக வேண்டும். நாணலை வட்டமாக நட்டுக் கட்டிய ஆளுயரத்துக்கு மேலான கூண்டு அது. பக்கத்து ஓட்டை வழியாகப் பொடியைக் கொட்டக் கொட்ட, உள்ளே ஒருவர் நின்று மிதித்து அமுக்க வேண்டும். மூக்கைக் கட்டிக்கொண்டாலும் தூசு நெஞ்சுக்குள் போகும். கூலியாட்கள் அந்த வேலைக்கு முகம் சுளிப்பார்கள்.

"பொண்ணு நல்லாருக்காளா?" என்று கேட்டார் சூரஜ்பான்.

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா." பர்சந்தி தாழ்வாரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஒரு பார்வ பாத்துக்கிட்டா..."

"போங்காக்குள்ள மிதிச்சிட்டிருக்கா. வருவா. வேலய விட்டுட்டு ஓடியாறதுக்கு அவ என்ன கலெக்டர் பொண்டாட்டியா?"

கூண்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. சூரஜ்பான் அந்தப் பக்கம் திரும்பினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் கேட்காமல் எழுந்து நடக்கக் கூடாது.

ஓம்வதியின் புருஷன் தேஜ்வீர் டிராக்டரை ஓட்டிக்கொண்டு களத்துக்குள் வந்தான். வயலிலிருந்து பொடி ஏற்றி வந்திருந்தான். ரேடியேட்டர் மூடியைச் சுற்றி ஆவி சீறிக்கொண்டிருந்தது. இறங்கினான், மாமனாரைப் பார்த்தான், கேனைப் பார்த்தான்.

"ராம் ராம், மாமா. எஞ்சின் கொதிக்குது, இதக் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

"மாப்ள, அது..." என்று சூரஜ்பான் கையை நீட்டினார்.

அதற்குள் தேஜ்வீர் சாக்கை உருவி, மூடியைத் திறந்து, கேனைக் கவிழ்த்துவிட்டான். கடைசிச் சொட்டு வரை தட்டி ஊற்றினான். அடிபம்பு அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. ஹூக்கா ஆட்களில் ஒருவன் சிரித்தான்.

"நல்ல தண்ணி. கங்கைத் தண்ணில்ல! டிராக்டருக்கு மோட்சம்தான் போ."

காலியான கேனை மாமனாரின் காலடியில் வைத்துவிட்டுத் தேஜ்வீர் மறுபடி வயலுக்குப் போனான். சூரஜ்பானும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

வெயில் ஏறியது. வேப்பமர நிழல் நகர்ந்தது. ஜில்லே சிங் கட்டிலை நகர்த்தவில்லை. அவர் பக்கம் நிழல் இருந்தது, கால்மாட்டுக்குத்தான் வெயில் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் பர்சந்தி எல்லோருக்கும் ரொட்டியும் மிளகாய்த் துவையலும் மோரும் கொண்டுவந்தாள். மோர்ச்சட்டியில் ஐஸ் போட்டிருந்தாள். சந்தையிலிருந்து ஆள் விட்டு வாங்கி வந்த ஐஸ். ஜில்லே சிங் வீட்டில் கல்யாணத்துக்குக்கூட ஐஸ் வாங்கியதை நான் பார்த்ததில்லை.

"சம்பந்திக்கு ஒரு டம்ளர் குடுக்கட்டா?" என்றாள்.

"வேண்டாம் சம்பந்தியம்மா."

"ஏன், எங்க வீட்டு மோரு புளிக்குதா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல. ஒங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கென்ன தெரியும்? நான் படிக்காதவ." டம்ளரை அவர் முகத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, தானே மடக்கு மடக்கென்று குடித்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சுவரோரம் போனேன்.

"பெரியவரே, இது அவங்க வீட்டுத் தண்ணியில்ல. எங்க பம்புத் தண்ணி. நான் வேற ஜாதி, வேற வீடு. வாங்கிக் குடிங்க."

அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. "நீ நல்லாருக்கணும் தங்கச்சி. ஊரே மக ஊருதானம்மா. ஒரு கெணறு மக கெணறு, இன்னொரு கெணறு இல்லன்னு உண்டா?"

"அப்ப வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற ஊரு எல்லை. எந்திரிச்சுப் போய்க் குடிச்சிட்டு வாங்க. போக வர எவ்வளவு நேரம் ஆயிரும்?"

"நான் எந்திரிச்ச நிமிஷம் அவரும் எந்திரிச்சுப் போயிருவாரு. அப்புறம், நீங்க சொல்லாமப் போயிட்டீங்களே சம்பந்தின்னு சொல்லுவாரு. போன வருஷம் அப்படித்தான் ஆச்சு. பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள ஆளக் காணோம். ராத்திரி வரைக்கும் உக்காந்துட்டு வெறுங்கையோட போனேன். அதுக்கப்புறம்தான் அந்தக் கொழந்த..." கூண்டுப் பக்கம் பார்த்தார். "இன்னைக்கு அவளக் கூட்டிட்டுத்தான் போவேன் தங்கச்சி. அவரு எவ்வளவு நேரம் உக்கார வச்சாலும் உக்காருவேன்."

பர்சந்தி தாழ்வாரத்திலிருந்து கத்தினாள். "ஏய் மாவுமில்லுக்காரி! ஒம் மில்லுல அரைக்க ஒண்ணுமில்லயா, எங்க வீட்டக் கொண்டாந்து அரைக்கிற?"

"வாயில்லாப் பொண்ணப் போட்டு நீ அரைக்கிறதவிடவா? வயித்துப் பிள்ளைக்காரிய அந்தக் கூண்டுக்குள்ள விட்டிருக்கியே, ஒனக்கு ஈவு எரக்கம் இருக்கா?"

"நான் தேஜ்வீர வயித்துல வச்சுக்கிட்டு நெல்லு நட்டவ. என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ சாகல. அதான் ஊரு அனுபவிக்குது."

ஹூக்கா ஆட்கள் இதற்கும் சிரித்தார்கள். பர்சந்தி கையிலிருந்த வெங்காயத்தை என் பக்கம் வீசினாள். சுவரில் பட்டு விழுந்தது. எங்கள் சண்டையில் யார் ஜெயித்தால் என்ன, கூண்டுக்குள் மிதி நிற்கவில்லை.

மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சூரஜ்பானின் தலை லேசாக ஆடத் தொடங்கியது. வேர்ப்பது நின்றுவிட்டது. அனல்காற்றில் வேர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"சம்பந்தி, பஸ் நேரமாகுது. ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

ஜில்லே சிங் ஹூக்காவை மற்றவரிடம் நகர்த்தினார். மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு அன்றைக்கு நேரம் போக ஏதாவது வேண்டியிருந்தது போலிருக்கிறது.

"சரி, சொல்லிடறேன். நீங்களும் தொண்ட காஞ்சு உக்காந்திருக்கீங்க. எனக்கே பாவமாருக்கு. எங்க வீட்டுத் தண்ணி ஒரு சொம்பு குடிங்க. குடிச்ச நிமிஷம் பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. இத்தன பேரு சாட்சி. நான் வாக்கு மாறுனா என் மீசைய எடுத்துக்கறேன்."

பொடி கொட்டிக்கொண்டிருந்த கூலியாள்கூடக் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தான்.

"எப்படிக் குடிப்பேன் சம்பந்தி?" சூரஜ்பான் கை ரெண்டையும் குவித்துக்கொண்டு கேட்டார். "என்ன அடிங்க, திட்டுங்க. இது மட்டும் வேண்டாம். நான் குடிச்சிட்டேன்னா நாளைக்கு அவ இந்த வீட்ல எப்படி வாழுவா? ஒங்கப்பன் எச்சக்கல, வெல வாங்கின பயன்னு தெனமும் கேக்கணுமே அவ."

அப்போதுதான் கூண்டின் ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. மாமனார் முன்னால் ஓம்வதி சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"குடிங்கப்பா."

"நீ சும்மா இரும்மா."

"வாழ்றதெல்லாம் இருக்கட்டும்பா. மொதல்ல நான் உசுரோட இருக்கணும்ல? என்னால முடியல. குடிச்சிட்டு என்னக் கூட்டிட்டுப் போங்க."

பர்சந்தி ஏற்கெனவே சொம்பை நிரப்பிக் கட்டிலின் மேல் வைத்திருந்தாள். சூரஜ்பான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை நீட்டினார். சொம்பின் கழுத்தைப் பிடித்தார். குடியேன்யா, குடித்துத் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் கையை எடுத்துவிட்டார். எழுந்திருக்கப் பார்த்தார், கால் மடங்கி அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். தலை புழுதியில் மோதிய சத்தம் கேட்டது.

நான் சுவரைத் தாண்டுவதற்குள் ஓம்வதி கூண்டிலிருந்து குதித்துவிட்டாள். முக்காடு இல்லை. தலையிலிருந்து கால் வரை தூசு, அதற்குள் ரெண்டு சிவந்த கண், முன்னால் தள்ளிய வயிறு. அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலிலிருந்த சொம்பை எடுத்து முகத்தில் அடித்தாள். அவர் கண் சொருகிக் கிடந்தது. பல்லை விரலால் பிளந்து வாயில் ஊற்றினாள். முதலில் வழிந்தது. அப்புறம் விழுங்கினார். கண் திறக்காமலே, தாய்ப்பசுவிடம் கன்று முட்டுவது மாதிரி, சொம்பை நோக்கி வாயைக் கொண்டுபோனார். முழுச் சொம்பும் உள்ளே போயிற்று.

ஜில்லே சிங் தொடையில் அடித்துக்கொண்டு எழுந்தார்.

"குடிச்சிட்டாருடா சம்பந்தி! சொம்பு காலி! பாத்தீங்கல்ல எல்லாரும்? வாக்குன்னா வாக்குதான். பர்சந்தி, அவ துணியக் கட்டிக் குடு. போகட்டும்."

"பாதிப் பொடி வெளிய கெடக்கு, யாரு மிதிக்கிறது?" என்றாள் பர்சந்தி.

"போகட்டும்னு சொன்னேன்ல?"

இப்படித் தாராளமாக அவர் ஒரு நாளும் பேசியதில்லை. ஜில்லே சிங்குக்கு மனிதர்களைத் தெரியும். மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்த்துச் சொல்கிற மாதிரி முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. சந்தோஷத்தில் நான் ஓம்வதியின் முதுகில் தட்டினேன். அவள் உள்ளே ஓடினாள். அந்த வயிற்றோடு அப்படி ஓடுவதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ரெண்டு புடவையும் சீப்பும் போன குழந்தைக்குத் தைத்த சட்டையும் சேர்த்து முடிந்து மூட்டையாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முகம்கூடக் கழுவவில்லை.

சூரஜ்பான் எழுந்து உட்கார்ந்திருந்தார். தாடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யாரு ஊத்தினது?"

"நான்தாம்பா. எந்திரிங்க, பஸ் வந்துரும்."

"எந்தத் தண்ணி?"

ஹூக்கா ஆட்களில் ஒருவன் கட்டிலுக்கடியில் கிடந்த சொம்பைக் காலால் உருட்டிக் காட்டினான். சூரஜ்பான் ரெண்டு விரலையும் தொண்டைக்குள் விட்டார். குனிந்து ஓங்கரித்தார். நுரையும் கொஞ்சம் தண்ணீரும் வந்தது. மறுபடி விட்டார். ஓம்வதி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, வேண்டாம்பா. போலாம்பா. உத்தரவு குடுத்துட்டாங்கப்பா."

அவர் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"என்ன சாக விட்டிருக்கலாம்ல நீ?"

"அப்பா..."

"தண்ணியக் குடிச்சான், அதுக்குப் பதிலா பொண்ணக் கையோட கூட்டிட்டு வந்தான்னு ஊர்ல பேசுவாங்க. பேரம் பேசிட்டேன்னு ஆயிருச்சே. இத்தன பேரு முன்னாடி பேரம் முடிஞ்சுபோச்சே. இப்ப ஒன்னக் கூட்டிட்டுப் போனா நான் வித்து வாங்கினவந்தான்."

"யோவ்!" எனக்கு மரியாதையெல்லாம் போய்விட்டது. "மயங்கிக் கெடந்த ஆளு வாயில ஊத்தினதுக்குப் பாவம் ஏது? ஒன் உசுரக் காப்பாத்தினவய்யா அவ. அவ உசுர நீ காப்பாத்து. கூட்டிட்டுப் போய்யா!"

"ஒனக்குப் புரியாது தங்கச்சி."

"எனக்கு நல்லாப் புரியுது. அவ இங்க செத்துருவா. அது ஒனக்குப் புரியுதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டார். ஜில்லே சிங்கைப் பார்த்துக் கும்பிட்டார். பர்சந்தியையும் கும்பிட்டார். மகளின் பக்கம் திரும்பாமலே களத்தை விட்டு இறங்கித் தெருவில் நடந்தார். கால் தள்ளாடியது. ஓம்வதி மூட்டையோடு பின்னால் போனாள்.

"அப்பா, நான் பாலம் வரைக்கும் வர்றேன். பாலத்தத் தாண்டினதும் நல்ல தண்ணி குடிச்சுக்கங்க. அப்பா, நில்லுங்கப்பா. அம்மா என்னப் பாக்கணும்னு சொன்னாங்கள்ல?"

"பின்னால வராத!" திரும்பாமலே கத்தினார். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "வந்தா கல்லெடுத்து எறிவேன்."

அவள் நின்றுவிட்டாள். ஜில்லே சிங் கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார். "சம்பந்தி! பொண்ண விட்டுட்டுப் போறீங்களே! நான் வாக்குத் தவறல, எல்லாரும் பாத்துக்கங்க!"

ஹூக்கா ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவனுக்குப் புரையேறி இருமல் வந்தது.

நான் போய் ஓம்வதியின் தோளைப் பிடித்தேன். "வாடி, நான் கூட்டிட்டுப் போறேன் ஒன்ன. பஸ்ஸுல ஏத்தி ஒங்கம்மாகிட்டயே விடறேன்."

"எங்கக்கா போறது? அவரு கதவத் தொறக்க மாட்டாரு." அவள் அழவில்லை. மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டாள். பர்சந்தி எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஓம்வதி கூண்டின் ஓட்டைக்குள் ஏறினாள். கூலியாள் கூடையைத் தூக்கிக் கொட்டினான்.

மழை இறங்குவதற்கு முன்பே அவளுக்கு வலி வந்தது. நாள் இன்னும் இருந்தது. மருத்துவச்சியை என் வீட்டு ஆளை விட்டு நான்தான் கூப்பிட்டு வரச் சொன்னேன். இந்தத் தடவை அவள் கையைக் கழுவிக்கொண்டு யாரிடமும் எதுவும் சொல்லாமல் போனாள். குழந்தையும் ஓம்வதியும் ஒரே பாடையில் போனார்கள்.

சேதி கேட்டு சூரஜ்பான் வந்தார். சுடுகாட்டில் ஓரமாக நின்றார், ஜில்லே சிங் தோளில் விழுந்து அழுதார். ஜில்லே சிங்கும் அழுதார். அவருக்கு அதுவும் வரும். எல்லோரும் கலைந்த பிறகு, சந்தை முனைக்குப் போகிற வழியில் சூரஜ்பான் என் மில் வாசலில் வந்து நின்றார். கையில் கேன் இல்லை.

"தங்கச்சி, ஒரு சொம்பு தண்ணி குடும்மா."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. அவர் முகத்தையே பார்த்தேன்.

"இனிமே குடிக்கலாம்மா" என்றார். "இந்த ஊர்ல எனக்கு இப்ப யாரும் இல்ல."

அந்த ஆளைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. ரெண்டையும் செய்யவில்லை. பம்பை அடித்துச் சொம்பை நிரப்பிக் கொடுத்தேன். நின்றபடியே அண்ணாந்து குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார்.